ஜப்பான் குருவிக்கு வந்த மாப்பிள்ளை

எங்கள் மாமா ஒருமுறை ஒரு குருவிக்குக் கலியாணம் செய்து வைத்தார். வழக்கமாக மனிதர்களுக்குத்தான் செய்து வைப்பார். ஊரில் அவர் விதானையார், அதாவது அரசாங்கம் வைத்த கிராமத் தலைவர். வேலிச் சண்டையைத் தீர்ப்பதும், களவுபோன மாட்டைத் தேடிக் கொடுப்பதும், கலியாணம் ஆகாத பெண்களுக்கு மாப்பிள்ளை பார்ப்பதும் அவருக்கு ஒரே உத்தியோகத்தின் மூன்று பிரிவுகள். அவர் கைவைத்த கலியாணங்களில் குலைந்தவை இரண்டே இரண்டுதான். அந்த இரண்டும் வெள்ளவத்தையில், ஒரே வாரத்தில், என் கண்முன்னால் குலைந்தன.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். அவரை மாற்றிய இடத்தில் யானை இருந்தது, மலேரியாக் காய்ச்சல் இருந்தது, பள்ளிக்கூடம் மட்டும் இல்லை. அதனால் என்னைக் கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்த சின்னம்மாவுடன் விட்டார்கள். சின்னம்மா என் அம்மாவின் தங்கை. பம்பலப்பிட்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். முப்பத்துமூன்று வயதாகியும் அவருக்குக் கலியாணம் ஆகவில்லை என்று ஊரில் எல்லோருக்கும் கவலை. சின்னம்மாவுக்குப் பள்ளிப் பிள்ளைகளின் கொப்பி திருத்துவதிலேயே பொழுது போய்விடும், அந்தக் கவலைக்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார். கொட்டாஞ்சேனைக்காரி, வேதக்காரி என்று ஊர் சொல்லும் கிறிஸ்தவர், ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்று வார்டில் வேலை. தாதிமாரை அந்த நாளில் மிஸி என்று கூப்பிடுவார்கள், நானும் அவரை மிஸி என்றே கூப்பிட்டேன். கொழும்பில் ஒரு பெண் தனியாக வீடு எடுத்து இருக்க முடியாது, அதனால் துணைக்கு ஒரு சிநேகிதியை வைத்திருக்கிறாள் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். துணைக்கு வந்தவர் வந்து ஒன்பது வருஷமாகியிருந்தது. சின்னம்மா சுத்த சைவம். மிஸிக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. அதற்கென்று தனியாக ஒரு மண்சட்டி அடுப்படி மூலையில் இருக்கும். மிஸி வேலைக்கு அவசரமாக ஓடும் நாட்களில், மீன்நாற்றத்துக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டு அந்தச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பவர் சின்னம்மாதான். இதை ஊரில் யாரும் அறியார். அறிந்திருந்தால் கலியாணக் கவலையைவிடப் பெரிய கவலையாகப் போயிருக்கும்.

குருவிகள் மிஸியுடையவை. அவருடைய தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்தவர். தூரதேசத்துக் கப்பற்காரர்கள் கூண்டில் கொண்டுவரும் குருவிகளில் இரண்டொன்று அவர் கைக்கு வரும். அந்தப் பழக்கம் மகளுக்கு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குப் பின்னால், எங்கள் பின்வளவில், உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய உயரத்தில், கம்பிவலை அடித்து ஒரு குருவி வீடு கட்டியிருந்தார். கடற்காற்று அந்த வலையை வருஷத்துக்கு ஒருமுறை துருப்பிடிக்க வைத்துத் தின்றுவிடும். வீட்டின் நாலு மரக்கால்களும் நாலு தகரப் பேணிக்குள் நிற்கும். எறும்பு ஏறாமல் இருக்கப் பேணிக்குள் தண்ணீரும் மண்ணெண்ணெயும். சாப்பாடு தினையும் சாமையும், குஞ்சு இருக்கும் நாட்களில் அவித்த முட்டை மஞ்சட்கரு. முட்டையிடும் குருவிக்குக் கணவாய் ஓடு கொத்தக் கொடுக்க வேண்டும். ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரையில் அதைப் பொறுக்கி வருவது என் பொறுப்பு. அந்தப் பொறுப்பினால் எனக்கு வந்த தலைக்கனம் கொஞ்சமல்ல.

சிவப்புச் சொண்டும் கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டுமாக அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த வரிக்குருவிகள் இருந்தன. அவற்றில் சேவல் எது, பெட்டை எது என்று கண்ணாலே சொல்லிவிடலாம். வெள்ளையும் கபிலமுமாக இரண்டு ஜப்பான் குருவிகளும் இருந்தன. அவற்றில்தான் சிக்கல். ஆணும் பெண்ணும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோலவே இருக்கும். ஒரே ஒரு அடையாளம், சேவல் பாடும், பெட்டை பாடாது. சோடி என்று சொல்லித்தான் ஒரு கப்பற்காரர் அவற்றைக் கொடுத்தாராம். இரண்டும் ஒட்டிக்கொண்டே திரிந்தன. ஒன்று மற்றதன் தலையைக் கோதிவிடும். ஒரே கூட்டில் அடை கிடக்கும். ஆனால் ஒரு பெட்டை ஐந்தாறு முட்டைதான் இடும், கூட்டில் பத்துக் கிடந்தது, பாட்டு மட்டும் ஒருநாளும் வரவில்லை. மிஸி ஒருநாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சிரித்தார்.

“ரெண்டும் பொட்டை. நம்மள நல்லா ஏமாத்திட்டான்” என்றார்.

“அப்ப பிரிச்சு விடுவமே?” என்று சின்னம்மா கேட்டார்.

“என்னத்துக்கு? அதுங்க பாட்டுக்கு இருக்கட்டும். வேற குருவி விட்ட முட்டைய இதுங்க மாதிரி யாரும் வளக்காது.”

அது உண்மையென்று அந்த மாதமே தெரிந்தது. வரிக்குருவிப் பெட்டையொன்று முட்டை சிக்கிச் செத்துப்போனது. எத்தனையோ தாய்மாரைக் கரைசேர்த்த மிஸி, இறகு நுனியால் ஆமணக்கெண்ணெய் வைத்துப் பார்த்தும் முடியவில்லை. அது ஏற்கெனவே இட்ட நாலு முட்டை கூட்டில் கிடந்தது. மிஸி அவற்றில் பென்சிலால் புள்ளி வைத்து, ஜப்பான் குருவிகளின் கூமுட்டைகளை எடுத்துவிட்டு, இந்த நாலையும் அங்கே வைத்தார். இரண்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏறி அடை கிடந்தன. முதலில் பொரிக்கும் குஞ்சு எனக்கு என்று மிஸி வாக்குக் கொடுத்தார். நான் நாட்காட்டியில் நாட்களை வெட்டத் தொடங்கினேன். பன்னிரண்டு, பதின்மூன்று நாளில் பொரிக்கும்.

எட்டாம் நாள் மாமா வந்தார்.

மெயில் ரயிலில், ஒரு பெட்டி, ஒரு ஓலைப்பை, பனங்கட்டி வைத்த ஓலைக் குட்டான், சாதகக் கட்டு இவற்றோடு வந்தார். கால்முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டதும், தங்கையான சின்னம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மாப்பிள்ளை மலாயாவில் இருந்து பென்சனோடு வந்தவர். மனைவி தவறி இரண்டு வருஷம். இரண்டு பிள்ளைகள். தங்கமான மனுஷன்.

“பத்திலை எட்டுப் பொருத்தம். சாத்திரியாரே அதிசயப்பட்டுப் போனார். வெள்ளிக்கிழமை தந்தி அடிப்பன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்” என்றார்.

சின்னம்மா மறுத்துப் பேசவில்லை. தகப்பன் இல்லாத வீட்டில் தமையன் வைத்ததுதான் சட்டம். “அண்ணை சொன்னால் சரி” என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். கலியாணம் என்றால் புதுச்சட்டை வரும் என்று சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, மிஸி சின்னம்மாவிடம் மெல்லிய குரலில், “நான் ஆஸ்பத்திரி குவாட்டர்ஸுக்குப் போயிருவேன். குருவி வீட்டத்தான் பிரிக்கணும். அங்க வெக்க விடமாட்டாங்க” என்று சொன்னதையும் கேட்டேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கலியாணத்துக்கும் குருவி வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? அதை யாரிடம் கேட்பதென்றும் தெரியவில்லை.

அன்று பின்னேரம் மாமா வளவைச் சுற்றிப் பார்க்க வந்தார். விதானையார் ஓரிடத்துக்குப் போனால் வேலியையும் எல்லையையும் பார்க்காமல் விடமாட்டார். குருவி வீட்டுக்கு முன்னால் நின்றார். பெட்டிக்கூட்டின் வாசலில் ஜப்பான் குருவிகள் இரண்டின் தலையும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. மாமாவுக்கு வசனம் கிடைத்துவிட்டது.

“இஞ்சை பார் தங்கச்சி. அறிவில்லாத பட்சி. அதுகூட ஒரு சோடியைத் தேடிக் குடும்பம் நடத்துது. ரண்டும் சேர்ந்து அடை கிடக்கிற வடிவைப் பார். இதைப் பார்த்தாவது...”

பெரியவர்கள் பிழையாக ஒன்றைச் சொல்லும்போது பொறுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

“மாமா, அதிலை சேவல் இல்லை. ரண்டும் பெட்டை” என்றேன்.

“என்ன?”

“ரண்டும் பெட்டை மாமா. பாடாது. முட்டையும் அதுகளின்ரை இல்லை. செத்துப்போன குருவியின்ரை.”

“பெட்டையும் பெட்டையும் என்னெண்டு பிள்ளை குடும்பம் நடத்துறது?”

“நல்லா நடத்தும். சண்டையே பிடிக்காது. மிஸியைக் கேட்டுப் பாருங்கோ.”

மிஸி பால் பொங்குகிறது என்று சொல்லிக்கொண்டு அடுப்படிக்குள் போனார். அடுப்பு அன்று பின்னேரம் மூட்டப்படவே இல்லை. சின்னம்மாவின் காது இரண்டும் சிவந்திருந்தன. மாமா குருவிகளைப் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார், அடுப்படி வாசலைப் பார்த்தார். பிறகு சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். நான் சரியான விடையைச் சொல்லியும் ஏன் யாரும் கெட்டிக்காரி என்று சொல்லவில்லை என்று எனக்கு மனத்தாங்கலாக இருந்தது.

மறுநாள் காலை மாமா ரயிலேறிப் புறக்கோட்டைச் சந்தைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சிறு மூங்கிற்கூண்டு. உள்ளே ஒரு ஜப்பான் குருவி, நெஞ்சை நிமிர்த்தி நின்று பாடிக்கொண்டிருந்தது.

“இந்தா மாப்பிள்ளை வந்திட்டார். பிழையாய் நடந்ததைத் திருத்தவேணும்” என்றார்.

அவரே குருவி வீட்டுக்குள் நுழைந்து, இரண்டு பெட்டைகளில் ஒன்றைப் பிடித்து, மூங்கிற்கூண்டுக்குள் விட்டு, அதை முன்விறாந்தையில் கொண்டுபோய்த் தொங்கவிட்டார். சின்னம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலை முடிந்து வந்த மிஸிக்குத்தான் வாய் வந்தது.

“ஐயா, முட்டைக்கு இன்னும் நாலு நாளுதான் இருக்கு. ஒத்தக் குருவி அடை கெடக்காது. உள்ள இருக்குற உசுரு போயிரும்.”

“எல்லாம் பழகும் மிஸி. கலியாணம் முடிக்கிற பெட்டையள் எல்லாம் முதல் ரண்டு நாள் அழுகிறதுதானே” என்றார் மாமா.

மாப்பிள்ளைக் குருவியைக் குறை சொல்ல முடியாது. அது மெய்யாகவே நன்றாகப் பாடியது. கழுத்தை நீட்டி, தத்தித் தத்தி ஆடி, ஒரு கச்சேரியே வைத்தது. பெட்டை அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இறகுகளை உப்பிக்கொண்டு, கூண்டின் மூலையில் போய் இருந்தது. தினையைத் தொடவில்லை. இடையிடையே தலையைத் தூக்கி ஒரு கூப்பாடு போடும். பின்வளவிலிருந்து மற்றது பதில் கொடுக்கும். பதில் கொடுப்பதற்காக அடையை விட்டு எழும்பி வந்து வலையில் தொங்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் வீடு. காலையிலிருந்து இருட்டும்வரை அந்த இரண்டு குரலும் எங்கள் கூடத்தின் ஊடாகப் போய்வந்துகொண்டிருந்தன. சின்னம்மா கொப்பி திருத்தும்போது சிவப்பு மையை ஊற்றிவிட்டார். மிஸி மீன் வாங்கவில்லை. சட்டி இரண்டு நாள் கவிழ்ந்தபடியே கிடந்தது.

எனக்கு என் குஞ்சின் நினைப்புத்தான். முட்டைக்குள் அது குளிரில் நடுங்குகிறது என்று நினைத்து, குருவி வீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று அழுதேன். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு முடிவுக்கு வந்தேன். மாமா சாப்பிட்டுச் சாய்மனைக் கதிரையில் படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழும்புவார். சின்னம்மா பள்ளிக்கூடத்தில். மிஸி ஆஸ்பத்திரியில். எனக்குக் காய்ச்சல் வரும்போல இருக்கிறதென்று வீட்டில் நிறுத்தியிருந்தார்கள். ஒரு துவாயை எடுத்துக்கொண்டு, பதுங்கிப் பதுங்கி முன்விறாந்தைக்குப் போனேன்.

சாய்மனைக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. மாமா கூண்டுக்கு முன்னால் நின்றார். அவருடைய பெரிய கை கூண்டுக்குள் இருந்தது. மற்றக் கையில் சால்வை.

நான் ஓடப் பார்த்தேன். மாமா திரும்பிப் பார்க்காமலே, “ஆர், பிள்ளையோ? சத்தம் போடாமல் வா. கதவைப் பிடி” என்றார்.

பெட்டையைச் சால்வையில் பொதிந்து வெளியே எடுத்தார். விறாந்தை வெளிச்சத்தில் அதன் தலை மட்டும் வெளியே தெரிந்தது. மாமா அதை இறுக்கிப் பிடிக்கப் பயந்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். ஊரில் கத்தி எடுத்தவன் முன்னால் அசையாமல் நிற்பவர் என்று அவருக்குப் பெயர்.

“இதின்ரை நெஞ்சு அடிக்கிற அடியைப் பார் பிள்ளை” என்றார். “செத்துப்போடும்.”

பின்வளவுக்குப் போனோம். நான் வலைக்கதவைத் திறக்க, மாமா குனிந்து சால்வையை விரித்தார். குருவி நேரே போய் மற்றதன் பக்கத்தில் இருந்தது. இரண்டும் உடம்போடு உடம்பு ஒட்டின. மற்றது அதன் தலையையும் கழுத்தையும் கோதிக்கொண்டே இருந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டுக்குள் போயின. அந்த இரண்டு குரலும் நின்றன. மாமா வலையில் நெற்றியை வைத்தபடி அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது, எனக்குக் கால் வலித்தது.

கடைசியில், “பூட்டுச் சரியில்லை. குருவி தானாய்ப் பறந்து போட்டுது. அப்பிடித்தான் சொல்லவேணும், விளங்கிச்சே?” என்றார்.

பின்னேரம் சின்னம்மா வந்ததும் அப்படியே சொன்னார். கூண்டுப் பூட்டுச் சரியில்லாவிட்டாலும், சாத்தியிருந்த குருவி வீட்டுக்குள் அது எப்படிப் போயிருக்கும் என்று சின்னம்மா கேட்பார் என்று நான் பயந்தேன். சின்னம்மா கேட்கவில்லை. மாமாவின் நெற்றியைப் பார்த்தார். திருநீற்றுக் குறிக்கு மேலே கம்பிவலையின் துரு கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. சின்னம்மா உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். “முகம் கழுவுங்கோ அண்ணை” என்று மட்டும் சொன்னார்.

மிஸி வந்தவுடன் மாமாவே எழும்பிப் போனார். “முட்டை பழுதாய்ப் போச்சோ மிஸி?” மிஸி ஒரு முட்டையை எடுத்து டோர்ச் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். “இன்னும் இருக்கு ஐயா. பாருங்க, துடிக்குது.” மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நாலையும் பார்த்தார். ஒன்றில் துடிப்பு இல்லை. அதை மட்டும் மறுபடி காட்டச் சொல்லி, பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் மூன்று பொரித்தன. சின்னவிரல் நகமளவு வாயைத் திறந்துகொண்டு மூன்று இளஞ்சிவப்புத் துண்டுகள். இரண்டு பெட்டைகளும் முறைபோட்டு ஊட்டின. ஒன்று ஊட்டும்போது மற்றது குளிர் படாமல் மூடிக்கொண்டு கிடக்கும். மாமா கோயிலுக்குப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதுகளுக்கு இப்ப ஆர் தாய் மிஸி?” என்று கேட்டார்.

“ரெண்டுந்தான் ஐயா.”

மாமா தலையை ஆட்டினார். பிறகு சால்வையைப் போட்டுக்கொண்டு, காலி ஊருக்குப் போகும் பெருவீதித் தபாற்கந்தோருக்குத் தந்தி அடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது சின்னம்மாவும் மிஸியும் கூடத்தில் ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள். அவர்களுடைய முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. மாமா கதிரையில் இருந்து, வெற்றிலைத் தட்டை இழுத்து, ஒரு காம்பை நிதானமாகக் கிள்ளினார்.

“அது சரிவராது தங்கச்சி. பொருத்தம் இல்லையெண்டு அடிச்சுப்போட்டன். செவ்வாய்க் குற்றம். ஒண்டுமே பொருந்தேல்லை. இனி உனக்கு ஒருத்தரும் சாதகம் கேட்டு வரமாட்டினம், நான் பாத்துக்கொள்ளுறன்.”

“மாமா, எட்டுப் பொருத்தம் எண்டு நீங்கள்தானே...” என்று நான் தொடங்கினேன்.

“அப்பிடியே சொன்னனான்? மறந்துபோனன் பிள்ளை” என்றார் மாமா.

சின்னம்மா தமையனின் காலடியில் இருந்து அழுதார். மிஸி இந்தமுறையும் அடுப்படிக்குள் போனார். ஆனால் அன்று அடுப்பு உண்மையாகவே எரிந்தது. மத்தியானம் மீன் மணத்தது. மாமாவும் சைவந்தான். மூக்கைச் சுளிக்காமல் அடுத்த அறையில் இருந்து கத்தரிக்காய்க் குழம்போடு சாப்பிட்டார்.

அன்றிரவு மெயிலில் அவர் ஊருக்குப் போனார். பாட்டுக்கார மாப்பிள்ளையையும் கூண்டோடு கொண்டுபோனார். “பாவம், இவருக்கு இஞ்சை வேலையில்லை” என்றார். அந்தக் குருவி மாமா வீட்டு முன்விறாந்தையில் ஆறு வருஷம் பாடியதாம். அவர் வேலி வழக்கு விசாரிக்கும்போது இரண்டு பக்கத்தாரும் அதன் பாட்டைக் கேட்டுக்கொண்டு நிற்பார்களாம். சின்னம்மாவும் மிஸியும் அதற்குப் பிறகு, மிஸி கண்மூடும்வரை, ஒரே வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்குள் இருந்ததற்குப் பெயர் வைக்க நான் ஒருநாளும் முயன்றதில்லை. என்னை வளர்த்தது அதுதான், எனக்கு அது போதும்.

ஆனால் அந்த எட்டு வயதில் எனக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. அந்த ஞாயிறு அம்மாவுக்குக் கடிதம் எழுதும்போது முதல் வரியிலேயே அதை எழுதினேன். மாமாவுக்கு மறதி வந்துவிட்டது, திங்கட்கிழமை எட்டுப் பொருத்தம் என்றவர் வெள்ளிக்கிழமை ஒன்றும் இல்லை என்கிறார், தயவுசெய்து அவரை ஒரு நல்ல வைத்தியரிடம் காட்டவும். பிறகுதான் குஞ்சுகளைப் பற்றி எழுதினேன்.

அம்மாவின் பதில் ஒரு வாரத்தில் வந்தது. தலைக்கு எண்ணெய் வை, சின்னம்மாவுக்குச் சொற்கேள், மிஸியைச் சுகம் கேட்டதாகச் சொல் என்று வழக்கமாக எழுதுவதையெல்லாம் எழுதியிருந்தார். அடியில் இரண்டு வரி. “மாமாவின் மறதியைப் பற்றி வேறொருவருக்கும் எழுதாதே. அந்தப் பொருத்தம் எத்தனை என்று மாமா எனக்கும் முன்பே எழுதியிருந்தார், எனக்கும் அது மறந்துபோயிற்று.”

எனக்குத் திக்கென்றது. அப்படியானால் இது குடும்ப வியாதி. அடுத்தது நான்தான். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, பின்வளவுப் படியில் இருந்து வாய்ப்பாட்டை ஒன்றிலிருந்து சொல்லத் தொடங்கினேன். குருவி வீட்டுக்குள் மிஸி மஞ்சட்கருவை உதிர்த்துக்கொண்டிருந்தார், சின்னம்மா பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினாறாம் வாய்ப்பாடு முடியும்வரை ஒரு பிழையும் வரவில்லை. எனக்கு இன்னும் அந்த மறதி தொற்றவில்லை என்று அப்போதுதான் ஆறுதல் வந்தது.